வேலி வரைக்கும் வந்தவர்கள்

கோவிந்தாபுரம்
14-11-2024

திருமதி சின்னத்தாயி பாண்டி அவர்களுக்கு,

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது பாருங்க. நேற்று ஆசுபத்திரியில் இருந்து போன் வந்தபோது எங்கள் ஊட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் சிவப்பிரகாஷ், அடுப்படியில் மருமகள் மௌனிகா, வாசலில் தேங்காய் உரிக்க வந்த சோலை. சுவரில் என் ஊட்டுக்காரர் படம். அவரையும் சேர்த்து ஐந்து பேர்.

பேசினவர் ரிஜோ என்று ஒரு டாக்டர். ஆசுபத்திரியில் கட்டிகளை அறுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற பகுதியாம். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. என் ஊட்டுக்காரருக்கு மருந்து ஏற்ற ஆரம்பிக்கும் முன்னால் நெஞ்சுக்குள் ஊசி விட்டு நுரையீரல் கட்டியில் கொஞ்சம் எடுத்தார்களே, பரிசோதனை முடிந்து மிச்சம் இருந்த துண்டை மெழுகில் பதித்து இன்னும் வைத்திருக்கிறார்களாம். அதே மருந்து ஏறினவர்களில் சிலருக்கு ஏன் கேட்டது, சிலருக்கு ஏன் கேட்கவில்லை என்று இப்போது ஓர் ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதற்கு அந்தத் துண்டை எடுத்துக்கொள்ள ஊட்டார் சம்மதம் வேண்டுமாம். எங்கள் பழைய நம்பர் எடுக்காததால் புது நம்பரை நீங்கள் கொடுத்ததாகச் சொன்னார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், என் ஊட்டுக்காரர் உடம்பு முழுசும் போகவில்லை என்று. எரித்தோம். மூன்றாம் நாள் பேரூர் ஆற்றில் கரைத்தோம். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, எல்லாம் முறைப்படி முடிந்தது என்று ஊடு வந்து சேர்ந்தோம். அங்கே எறணாகுளத்தில் ஒரு அலமாரிக்குள் அவர் மெழுகுக்குள் இருந்திருக்கிறார். போன மாசி திதிக்கு நான் வைத்த பிண்டம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

வருகிற மாசித் திதிக்கு முன்னால் அதை வாங்கிவந்து நெருப்பில் வைத்து, பேரூரில் கரைக்கப் போகிறேன். சம்மதம் கொடுப்பதாக இல்லை.

என் நம்பரை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். நீங்களும் கூப்பிட வேண்டாம். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்ளுது, சொல்ல வந்தது பின்னால் நின்றுவிடுது.

இப்படிக்கு,
சி. கமலாத்தாள்


பீர்மேடு
25-11-2024

கமலக்காவுக்கு,

கவர் மேல ஒங்க கையெழுத்தப் பார்த்ததும் அடுப்புல பால விட்டுட்டு வாசலுக்கு ஓடுனேன். பிரிச்சா "திருமதி"ன்னு இருக்கு. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சதுதான் மிச்சம். அம்முணி அம்முணின்னு கூப்பிட்ட ஆளு. நான் ஒருத்தி இருக்கேன்னு நினைப்பாவது வந்துச்சே, அதுவே போதும்.

நீங்க எழுதுன மாதிரி நானும் எழுதுறேன். ஒங்க வீட்டு அண்ணனோட கருமாதி அன்னைக்குப் பந்தல்ல இருந்தவங்க: நீங்க, ஒங்க மகன், ஒங்க நாத்தனார் வள்ளியாத்தாள், ஒங்க சொந்தபந்தம் எல்லாம். பேரு தெரியாததால எண்ணிச் சொல்ல முடியல. எங்க பக்கம் நான் ஒருத்தி. மூணு பஸ்ஸு மாறி வந்து எலையில ஒக்காந்தேன். அம்புட்டு பேருக்கு முன்னாடி நீங்க கேட்டீக: "நீ ஒன் சாமிகிட்ட என்னன்னு கேட்ட?"

நான் எந்திரிச்சு வந்துட்டேன். பதில் சொல்லல. இப்ப சொல்றேன்.

எங்க எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு மேல இருக்குற காளி கோயில்ல தனக்குன்னு யாரும் தேங்காய் ஒடைக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரங்கதான் நமக்காகக் கேக்கணும். தேயிலக் காடு வெட்டுன காலத்துல இருந்து அப்படித்தான். இத ஆசுபத்திரிக்குப் பக்கத்துல நாம தங்கியிருந்த லாட்ஜு மொட்டமாடியில துணி காயப் போடுறப்ப ஒங்ககிட்டச் சொன்னேன். நீங்க வாயில இருந்த கிளிப்ப எடுத்துட்டு, "அப்பறம் என்ன, ஒங்க ஊட்டுக்காரருக்கு நான் கேக்கறேன், என் ஊட்டுக்காரருக்கு நீங்க கேளுங்க"ன்னு சொன்னீக. வெள்ளிக்கிழமை ஒங்க மாரியம்மாவுக்கு, செவ்வாக்கிழமை எங்க காளிக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நோவு, ஒரே மருந்து, எதிர் எதிர்க் கட்டிலு. என் வீட்டு ஆளு பொழச்சுட்டாக, அண்ணன் போயிட்டாக. ஒங்க சாமி கொடுத்துச்சு, எங்க சாமி கொடுக்கல. அதனால நான் கேக்கவே இல்லைன்னு நீங்க கணக்கு முடிச்சுட்டீக.

நான் கேட்டேங்கா. ஒரு செவ்வா தவறாம அண்ணனுக்குத்தான் கேட்டேன். அதுக்குச் சாட்சி யாரும் இல்ல.

அதான் நம்பரக் கொடுத்தேன். என் வீட்டு ஆளோட கட்டியையும் அவங்க எடுத்துப் பாக்குறாங்க. அண்ணனுக்கு மருந்து ஏன் கேக்கலங்கிறது அண்ணன் கட்டிக்குள்ளயே இருக்கும்னு ரிஜோ டாக்டர் சொல்றாரு. அதப் பார்த்துச் சொல்லட்டும்கா. நான் ஒங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல. கரைச்சுட்டீகன்னா, பந்தல்ல கேட்ட கேள்வி அப்படியே நின்னுபோகும், நான் சாகுற வரைக்கும்.

சின்னத்தாயி


கோவிந்தாபுரம்
9-12-2024

சின்னத்தாயிக்கு,

கடிதம் கிடைத்தது. சாமி அறையில் வைத்துப் படித்தேன். மௌனிகா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த லாட்ஜு எனக்கும் கண்ணிலேயே நிற்குதுங்க. மூன்று குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. நீங்கள் எஸ்டேட்டில் இருந்து கொண்டுவந்த தேயிலைத் தூளில் பாலில்லாமல் கட்டஞ்சாயா போடுவீங்க, நான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவேன். வாட்ச்மேன் ஜோஜோ, வாசம் வந்ததும் மாடிப்படியைக் கூட்டுகிற மாதிரி மேலே வந்து நிற்பான். உங்கள் சாயாவைக் குடித்துவிட்டு என் ஊட்டுக்காரர், "ஏனுங்க பாண்டி, இதைக் குடிச்சாச் செத்தவனும் எந்திரிச்சு வெல்லம் எங்கேன்னு கேப்பான்" என்பார். உங்கள் ஊட்டுக்காரர், "அதுக்குத்தான் அண்ணே சர்க்கரை போடுறதில்ல, எந்திரிச்சா யாரு பாக்குறது" என்பார். சிரிக்கச் சிரிக்க இருவருக்கும் இருமல் வந்துவிடும். நாம் இருவரும் ஆளுக்கொரு முதுகைத் தடவிக்கொண்டு நிற்போம். நோவுக்கு நடுவில் அப்படி ஒரு சந்தோசம் இருந்தது என்று இங்கே யாரிடம் சொல்ல? சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

ரிஜோ டாக்டரை நானே கூப்பிட்டுக் கேட்டேன். புரியாமல் வேண்டாம் என்று சொல்வதும் பிசகுதானே. அவர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், உங்களுக்கும் தெரியட்டும்.

நம் உடம்பில் காவலுக்கென்று செல்கள் இருக்கின்றன. அவை வாயில்லாமலே பேசிக்கொள்ளும். ஒன்று ஒரு சேதிப் பொருளை விடும், மற்றது அதை வாங்கிக்கொண்டு வேலை செய்யும். "இங்கே வாங்க, அடிங்க" என்று ஒரு சேதி. "காயம் ஆயிருக்குது, ரத்தக்குழாய் கட்டுங்க, சதை வளருங்க" என்று ஒரு சேதி. "போதும், நிறுத்துங்க" என்று ஒரு சேதி. எல்லாமே நல்ல சேதிதான், நேரத்தில் வந்தால். கட்டி செய்கிற அக்கிரமம் என்னவென்றால், தனக்குத் தோதான சேதியைத் தானும் விடுகிறது, காவலுக்கு வந்தவர்களையும் விட வைக்கிறது. காயமே இல்லாத இடத்தில் காயம் காயம் என்று சேதி போய்க்கொண்டே இருக்கும். ஆற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உடம்பே அதற்குத் தீனி போட்டு வளர்க்கும்.

எங்கள் வாய்க்கால் நினைவுக்கு வந்தது. முறைத் தண்ணி விடும்போது, "கடைமடை காயுது, இன்னும் அடைக்காதீங்க" என்று நடுவில் ஒருத்தன் பொய்ச்சேதி அனுப்புவான். மதகில் இருப்பவன் பாவம், கடைமடைக்கு என்று நினைத்துத்தான் திறந்து வைப்பான். தண்ணி பூராவும் பொய் சொன்னவன் வயலில் நிற்கும்.

இவ்வளவும் புரிந்தது. இருந்தாலும் என் மனசு மாறவில்லை. புரிந்தது வேறு, திதி வேறு. அவர் உடம்பு ஓர் இடத்தில் மிச்சம் இருக்கும்போது நான் எள்ளும் தண்ணியும் விட முடியாதுங்க. தை பிறந்ததும் சிவப்பிரகாஷோடு போய் வாங்கிவரப் போகிறேன்.

உங்கள் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத வரவில்லை.

கமலாத்தாள்


பீர்மேடு
20-12-2024

கமலக்கா,

போய் வாங்கிக்கங்க. நான் தடுக்கல. ஒங்க புருசன், ஒங்க திதி.

எங்க வீட்டு ஆளுகிட்ட ஒங்க கடிதத்தப் படிச்சுக் காட்டுனேன். சர்க்கரை விசயம் வந்ததும் எந்திரிச்சு வெளிய போயிட்டாக. மஞ்சு மூட்டம் எறங்கிருச்சு, தொப்பி இல்லாம எங்க போறீகன்னு கத்துறேன், காதுல வாங்கல. திரும்பி வந்து சொன்னாக: "ஊருல பாதிப்பேரு என்னையப் பொழச்சவன்னு சொல்றான். சின்னையன் அண்ணன் வீட்டுக்கு மட்டும் நான் அவரு உசுர எடுத்துட்டு வந்தவன்."

இன்னொண்ணு. போன வாரம் எடுத்த ஸ்கேன்ல மறுபக்கம் ஒரு புள்ளி தெரியுதாம். பழைய சளித் தழும்பாவும் இருக்கலாம், அதுவாவும் இருக்கலாம். சித்திர கழிஞ்சு திரும்ப எடுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டாக. அண்ணன் கட்டியப் பாக்குறதால இவுகளுக்கு இப்ப ஒரு பிரயோசனமும் இல்லைன்னு ரிஜோ டாக்டரே சொல்லிட்டாரு, பின்னால வாறவங்களுக்குத்தானாம். அதனால இத வச்சு ஒங்க மனச மாத்தப் பாக்குறேன்னு நினைச்சுக்கிடாதீக. ஒங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல, அம்புட்டுதான். முன்னாடியெல்லாம் ஸ்கேன் எடுத்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவேன்.

இதோட கொஞ்சம் தேயிலத் தூள் வச்சிருக்கேன். வெல்லம் போட்டே குடிங்க.

சின்னத்தாயி


கோவிந்தாபுரம்
2-2-2025

சின்னத்தாயிக்கு,

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த அறையில் இருந்தவர்கள்: நான், சிவப்பிரகாஷ், ரிஜோ டாக்டர், மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் தலையே தூக்காத ஒரு பெண். என் கையில் பித்தளைச் செம்பு, அதன் வாயில் கட்ட மஞ்சள் துணி, ஒரு பொட்டலம் எள், திருநீறு. பேரூர் போக டாக்ஸி வெளியே நிற்குது. ஏற்பாடெல்லாம் முழுசாகச் செய்துகொண்டுதான் போனேன்.

டாக்டர் எடுத்துவந்து கையில் வைத்தார். தீப்பெட்டியில் பாதி கூட இல்லை. வெள்ளை மெழுகு, நடுவில் மிளகுப் பருமனுக்கு ஒரு பழுப்பு. ஒரு நம்பர். அவ்வளவுதானுங்க. எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அவரைத் தேடினேன், அதில் அவர் இல்லை. அவரைத் தின்றதுதான் இருந்தது.

"கொண்டுபோறதுக்கு முன்னால பாக்கணுமா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

பரிசோதனை செய்த அன்றே அறுத்து வைத்திருந்த பழைய கண்ணாடிச் சில்லை எடுத்துப் பெருக்கிக் காட்டுகிற கருவிக்கு அடியில் வைத்தார். சிவப்பிரகாஷ் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டுக் குனிந்தேன். ஊதா நிறத்தில் மேகம் மேகமாக இருந்தது. பக்கத்தில் டிவியில் உங்கள் ஊட்டுக்காரர் கட்டியின் படத்தையும் போட்டார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் காட்டுவதாகச் சொன்னார். அதில் கட்டி பூராவும் கடுகு வாரி இறைத்த மாதிரி கருநீலப் புள்ளி. அந்தப் புள்ளிகள்தான் காவலுக்கு வந்தவர்களாம். கட்டிக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கட்டி அவர்கள் கையைக் கட்டி வைத்திருந்ததாம். மருந்து கட்டை அவிழ்த்ததும் அடித்தார்கள்.

என் ஊட்டுக்காரருடையதில் கட்டிக்குள் ஒரு புள்ளி இல்லை. மனசு வெறுத்துப்போச்சு. யாருமே வரலையா என்று கேட்டேன். டாக்டர் சில்லைக் கொஞ்சம் நகர்த்தினார். கட்டியின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கே நின்றார்கள், சின்னத்தாயி. கூட்டம் கூட்டமாக. சுத்தியும் நார் நாராக வேலி மாதிரி ஒன்று, அதற்கு வெளியே அத்தனை பேரும்.

"வந்நு அம்மே," என்றார் டாக்டர். "அகத்தேக்குக் கேற்றியில்ல."

வந்தார்கள், உள்ளே ஏற்றவில்லை. கையில் கட்டு இருந்தால் மருந்து அவிழ்க்கும். வேலிக்கு வெளியே நிற்பவரை அது என்ன செய்யும்?

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நினைப்பெல்லாம் உங்கள் மேல்தான். மூன்று பஸ்ஸு மாறி வந்தீங்களே, அது.

அந்த வேலியை எந்தச் சேதி கட்டச் சொன்னது என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். மெழுகில் இருந்து வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிச்சீவிப் பார்ப்பார்களாம். அப்படிச் சீவினால் எனக்குக் கொடுக்க மிச்சம் இருக்காதே என்று கேட்டேன். இருக்காது என்றார். ஒளிக்காமல் சொன்னார்.

எனக்கு வழி தெரிந்தது. நம் முறையில் தாரை வார்த்துக் கொடுத்த பொருள் நமக்கு மிச்சம் ஆகாது, கொடுத்தது ஆகிவிடும். கன்னிகாதானத்துக்கே அதுதானே. கையைக் கழுவிவிட்டு வாங்க என்றேன். டாக்டர் கழுவிவிட்டு வந்து கையை நீட்டினார். அந்த மெழுகை அவர் கையில் வைக்கப் போனேன், நனையக் கூடாது என்று பதறினார். சரி என்று அதைச் சின்ன நெகிழிப் பையில் போட்டு வைத்தேன். செம்பில் பைப்புத் தண்ணி பிடித்து, எள்ளைப் போட்டு, என் ஊட்டுக்காரர் பேரும் குலமும் சொல்லி வார்த்தேன். தரை பூராவும் தண்ணி. சிவப்பிரகாஷ், "அம்மா, ஆசுபத்திரி இது" என்றான். ரிஜோ டாக்டர் கையை எடுக்கவில்லை. கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறார், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றார். மூலையில் இருந்த பெண் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். துடைக்கத் துணியும் அவள்தான் கொண்டுவந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். முடிவு வர மாசக்கணக்கில் ஆகுமாம்.

தூள் வந்தது. வெல்லம் போடவில்லை.

கமலாத்தாள்


பீர்மேடு
16-2-2025

அக்கா,

ஒங்க கடிதத்த என் வீட்டு ஆளு ரெண்டு தடவ படிக்கச் சொன்னாக. டாக்டர் கையில தண்ணி ஊத்துனத நினைச்சு நினைச்சுச் சிரிக்காக, அப்படியே கண்ணத் தொடச்சுக்கிடுறாக. "அண்ணன் இருந்திருந்தா, கமலா, டாக்டருக்குக் கட்டிக் கொடுத்துட்டயே, சீரு என்னன்னு கேட்டிருப்பாரு"ன்னாக.

இங்க ஆனை எறங்குனா காட்டிலாகா வாட்சருமாரு தகரம் தட்டிக்கிட்டு வருவாங்க. ஒரு தடவ கம்பெனிக்காரன் புதுசா இழுத்த கம்பி வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு அம்புட்டு பேரும் தட்டுறாங்க. ஆனை உள்ள நின்னு வாழையத் தின்னுது. வேலி போட்டது நமக்குத்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். நீங்க எழுதுனதப் படிச்சதும் அந்தத் தகரச் சத்தம்தான் காதுல கேட்டுச்சு.

"மூன்று பஸ்ஸு மாறி வந்தீங்களே"ன்னு எழுதிட்டு அதோட நிறுத்திட்டீக. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். முடிவு வரட்டும்.

வைகாசிக் கடைசியில ஸ்கேன். புள்ளியப் பத்திப் பேசாம ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். ராத்திரி அவுக மூச்ச எண்ணிக்கிட்டே படுத்திருக்கேன். லாட்ஜுல நாம ரெண்டு பேரும் படுத்திருந்த மாதிரியே. அங்க நீங்க பக்கத்துல இருந்தீக.

சின்னத்தாயி


கோவிந்தாபுரம்
15-6-2025

அம்முணி,

ரிஜோ டாக்டர் நேற்றுக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். இருந்தவர்கள்: நான் மட்டும். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

வேலி கட்டச் சொன்ன சேதிக்கு நீளமான ஒரு பேர் சொன்னார், எழுத்துக்கூட்டி எழுதி வைத்திருக்கிறேன். என் ஊட்டுக்காரர் கட்டியில் அது நிறைந்து கிடந்ததாம். உங்கள் ஊட்டுக்காரருடையதில் கொஞ்சம்தானாம். இதில் ஒரு கொடுமை கேளுங்க. அந்தச் சேதி கெட்டதே இல்லையாம். கட்டி முளைவிடும் காலத்தில், வளராதே என்று அதை அடக்கி வைத்திருப்பதும் இதே சேதிதானாம். வளர்ந்த பிற்பாடு அதே சேதியைக் கட்டி தனக்கு வேலியாக்கிக்கொள்ளுது. காவல் இருந்த நாயே திருடனுக்கு வாசலில் படுத்த மாதிரி. ஒரு கட்டியை வைத்து முடிவு சொல்லக் கூடாது, இன்னும் நிறையப் பேருடையதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த வேலியைப் பிரிக்கிற மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் கைக்கு வரவில்லையாம். வந்தால் யாரோ ஒரு பொம்பளை கருமாதிப் பந்தலில் கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருப்பாள்.

அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்களில் என் நாத்தனார் வள்ளியாத்தாளுக்கு இன்று காலையில் போன் செய்து சொன்னேன். மற்றவர்களுக்கு ஆடியில் அம்மன் கோயிலில் கூடும்போது சொல்வேன். அத்தனை பேர் முன்னால் கேட்டது, அத்தனை பேர் முன்னால்தான் தீர வேண்டும். என்ன சொன்னேன் என்றால், சின்னத்தாயி கேட்டாள், அவள் கேட்டது வந்தது, வேலி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே விடாததுக்கு அவள் என்ன செய்வாள்? வள்ளியாத்தாள் முழுசும் கேட்டாள். அப்புறம், "அந்தப் புள்ளை அன்னைக்கு எலையில கைகூட வெக்கலை அண்ணி" என்றாள். அவளுக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்குது.

இதையும் தெரிந்துகொள்ளுங்க. கோவம் இருந்த இத்தனை காலமும் வெள்ளிக்கிழமை விளக்கு உங்கள் ஊட்டுக்காரர் பேரில்தான் எரிந்தது. முறை மாற்றிக்கொள்ளலாம் என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லையே. நான் பாட்டுக்கு நிறுத்த முடியுமா?

உங்களுக்கு ஒரு இலை போட்டுச் சோறு வைக்க வேண்டிய கடன் என் ஊட்டில் இருக்குது. அரிசிம்பருப்புச் சோறுதான் ஆக்குவேன். இருவரும் வர வேண்டும்.

வைகாசி முடிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்திருப்பீங்க. புள்ளி என்ன ஆச்சு? நல்லதோ கெட்டதோ, இந்தக் கடிதம் கண்டதும் பதில் போடுங்க. எழுதத் தாமசமாகும் என்றால் போனிலேயே கூப்பிடுங்க அம்முணி. அழுதால் அழுதுவிட்டுப் போகிறோம்.

கமலக்கா